கல்யாணத்துக்கும் தைப்பூசத்துக்கும் ஒரே கேமரா தோள்பை: கோலாலம்பூரில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி சுருக்கமாக இது: கையில் இருப்பது கேனன் ஆர்6 மார்க் 2 கேமரா, ஆர்எஃப் 24-70 எஃப் 2.8, ஆர்எஃப் 70-200 எஃப் 2.8, 35 மி.மீ. எஃப் 1.8 என மூன்று லென்ஸ்கள், ஒரு ஃபிளாஷ். சனி, ஞாயிறுகளில் கல்யாண வேலை. தைப்பூசத்துக்குப் பத்துமலை, சில வருடம் பினாங்கு. போக்குவரத்து மோட்டார் சைக்கிளிலும் எல்ஆர்டி ரயிலிலும். முதுகுப்பை வேண்டாம், தோளில் மாட்டுவதுதான் வேண்டும். கையில் 400 வெள்ளி (ரிங்கிட்). எந்தப் பையை வாங்கலாம்?

ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே பார்க்கிறார்கள்: நிறம், தோல்பட்டி, பெயர், கடைசியில் உள்ளறை. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் பை உள்ளிருந்துதான் கெடும். துணியின் உட்பூச்சு, நுரை, தடுப்புகளின் ஓரத் தையல், இவை போன பிறகும் வெளித்துணி புதுசாகவே இருக்கும். அதனால் பார்க்கும் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

முதலில் எடை. அந்த கேமரா பேட்டரியும் கார்டும் சேர்ந்து 670 கிராம். 24-70 லென்ஸ் 900. 70-200 லென்ஸின் முக்காலி வளையத்தைக் கழற்றிவிட்டால் 1,070, மாட்டியிருந்தால் 1,200. 35 மி.மீ. 305. வட்டத் தலை ஃபிளாஷ் பேட்டரியோடு அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும். உபரி பேட்டரி இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 3.6 கிலோ வருகிறது. தடித்த நுரை வைத்த பை தானே 1.2 முதல் 1.6 கிலோ இருக்கும். அரை லிட்டர் தண்ணீர், பவர்பேங்க், ஒரு சின்னக் குடை என்று போட்டால் 6 கிலோ ஆகிவிடும். காலை முகூர்த்தத்திலிருந்து சாப்பாட்டுப் பந்தி வரை அதை ஒரே தோளில் தொங்கவிட்டால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலிருக்கும் தசை இறுகிவிடும். அதைவிட மோசம், உடல் தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும், படத்தில் அடிவானமும் சேர்ந்து சாயும்.

இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. வேலை நேரத்தில் கேமராவும் 24-70-உம் கையில்தான் இருக்கும். அந்த 1.57 கிலோ பையில் இல்லை. மிச்சம் இரண்டு கிலோ சொச்சம். அப்போது பையின் சொந்த எடைதான் பெரிய கணக்கு. 700 கிராம் பையானால் தோளில் மூன்று கிலோவுக்குக் கீழே நிற்கும், 1.5 கிலோ பையானால் அதே பொருளுக்கு மூன்றரை. நான்கு கிலோவை மேல்வரம்பாக வைத்துக்கொண்டு, தண்ணீரையும் குடையையும் சார்ஜரையும் வேறொரு துணிப்பையில் மண்டபத்தின் ஓரத்தில் விடுங்கள். தோள்பையில் இருக்க வேண்டியது அடுத்த பத்து நிமிடத்தில் கை தேடக்கூடியது மட்டும்.

அடுத்து அளவு. லிட்டர் கணக்கை நம்ப வேண்டாம். சிலர் முன் பாக்கெட்டையும் கூட்டிச் சொல்வார்கள், சிலர் மூடி பிதுங்கும்வரை அளப்பார்கள். உள்ளளவு செ.மீ.யில் வேண்டும், அதுவும் தடுப்புகளைப் போட்ட பிறகு.

உங்கள் பொருளுக்கே கணக்குப் போடுவோம். கேமராவில் 24-70 மாட்டியபடியே லென்ஸ் கீழ்நோக்கி நிற்க வேண்டும். லென்ஸ் 12.6 செ.மீ. நீளம், அதோடு உடலின் பின்பகுதியும் கண்வைக்கும் ரப்பரும் சேர்ந்தால் சுமார் 20 செ.மீ. உயரம். உடலின் அகலம் 13.8 செ.மீ., உயரம் 9.8. எனவே இந்த அறைக்கு 14 செ.மீ. அகலம் வேண்டும். பட்டன்களும் டயல்களும் அழுந்தாமல் இருக்கவும், ஹூட்டை (லென்ஸ் முனையில் மாட்டும் ஒளிமறைப்பை) திருப்பி மாட்டினால் அது கூட்டும் பருமனுக்கும் முன்பின் ஆழம் 12 செ.மீ. வேண்டும். 70-200 சுருங்கிய நிலையில் 14.6 செ.மீ. நீளம், 9 செ.மீ. குறுக்களவு. அதை நிறுத்தி வைத்து, மேலே மடிப்புத் தடுப்பு ஒன்றை மடக்கி, அதன்மேல் 6.3 செ.மீ. உயரமுள்ள 35 மி.மீ. லென்ஸை உட்கார வைத்தால் 21 செ.மீ. ஆகிறது. இந்த அடுக்குக்கு 10 செ.மீ. அகலம் விடுங்கள். மூன்றாவது அறையில் ஃபிளாஷ், நிமிர்ந்தபடி, 9 செ.மீ. இரண்டு தடுப்புகளுக்கு ஒவ்வொரு செ.மீ. கூட்டினால் 35 செ.மீ. அகலம், 12 ஆழம், 22 உயரம். இதுதான் நீங்கள் தேட வேண்டிய உள்ளளவு.

ஆழம் 15 செ.மீ.யைத் தாண்டினால் பை இடுப்பிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும், எல்ஆர்டி கதவில் நாலு பேரை இடிக்கும். 10-க்குக் குறைந்தால் மூடி முழுதாக மூடாது, மூடாத ஓரத்தில்தான் மழை இறங்கும். பழைய டிஎஸ்எல்ஆர் வகை 70-200 எஃப் 2.8 வைத்திருப்பவர்களுக்கும், சோனியின் சுருங்காத 70-200 ஜிஎம் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. அந்த லென்ஸ்கள் தனியாகவே 20 செ.மீ. நீளம். ஒன்று அதைப் படுக்க வைக்க வேண்டும், அல்லது 35 மி.மீ.-க்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

கடைக்குப் போகுமுன் ஓர் அட்டைப்பெட்டியை இந்த அளவுக்கு வெட்டி, பொருள்களை அடுக்கி, ஒரு கையால் 70-200-ஐ எடுத்துப் பாருங்கள். கேமராவில் கழுத்துப்பட்டை மாட்டியே வைப்பீர்கள் என்றால் மாட்டியபடியே அடுக்குங்கள். மறந்துபோகிற அளவு அதுதான், அந்தப் பட்டை ஒரு சின்ன லென்ஸின் இடத்தைத் தின்னும்.

உள்ளே வேறு சிலவும் பார்க்க வேண்டும். லைனிங் வெளிர்நிறமாக இருக்கட்டும், சாம்பலோ மஞ்சளோ. விளக்கணைத்து மணமக்களை அழைத்து வரும் நேரத்தில் கறுப்பு லைனிங்கில் கறுப்பு லென்ஸ் மூடியைத் தேடுவது வீண் வேலை. தடுப்புகள் அடிவரை இறங்கி நிற்க வேண்டும். அரை உயரத்தில் நின்றால் கீழே இரண்டு லென்ஸ்கள் ஒன்றோடொன்று உரசும். அடிப்பாகம் தட்டையாக, பையைத் தரையில் விட்டால் சாயாமல் நிற்க வேண்டும். கோயில் மண்டபத் தரை எப்போது ஈரமாக இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் அடித்துணி தார்ப்பாய் போன்ற நீர் புகாத வகையாக இருந்தால் நல்லது. மூடி உடம்புக்கு எதிர்ப்புறமாக, வெளியே திறக்க வேண்டும். வெல்க்ரோ சத்தம் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்துக்கு முன் வெல்க்ரோ எம்மாத்திரம்! தேவாலயத் திருமணம், பேச்சு நிகழ்ச்சி என்று போனால்தான் அது தொல்லை. வெல்க்ரோவை மடித்து மறைக்கும் வசதியுள்ள பைகள் இருக்கின்றன, திங்க் டேங்க் ரெட்ரோஸ்பெக்டிவ் அப்படிப்பட்டது.

இனி துணி. இங்கேதான் நம் ஊருக்கும் குளிர்நாட்டு விமர்சனங்களுக்கும் வழி பிரிகிறது.

டெனியர் என்ற எண்ணைப் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. நூலின் பருமனைச் சொல்லும், தண்ணீர் நிற்குமா என்று சொல்லாது. 1680 டெனியர் பாலிஸ்டிக் நைலானும் பூச்சு இல்லாவிட்டால் நனையும். தண்ணீரைத் தடுப்பது துணியின் உட்பக்கம் தடவிய பாலியுரித்தேன் பூச்சு. நம் ஊரில் முதலில் சாவது அதுதான். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அந்தப் பூச்சின் மூலக்கூறுச் சங்கிலியைத் துண்டிக்கும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு ஒரு மக்கிய வாடை வரும், கடைசியில் பொருக்காக உதிர்ந்து லென்ஸ் கண்ணாடியிலும் ஜூம் வளையத்திலும் ஒட்டும். பயன்படுத்தாமல் அலமாரியில் பூட்டி வைத்தாலும் இது நடக்கும். பூட்டி வைத்தால் இன்னும் சீக்கிரம் என்றே சொல்லலாம், காற்றோட்டம் இல்லையே. மழையுறையைப் பையின் அடி பாக்கெட்டில் மடித்து மடித்து வைப்பதால் பெரும்பாலும் அதுவே முதல் பலி.

நுரைக்கும் இதே கதை. விரலால் அழுத்தினால் ஸ்பாஞ்ச் போல அமுங்கிக் காற்று வெளியேறுவது திறந்த கண் நுரை. வியர்வையை உறிஞ்சும், காய நாளாகும், சில வருடத்தில் பொடியாகும். அழுத்தினால் உடனே எழும்பும் விறைப்பான மூடிய கண் நுரை தண்ணீர் குடிக்காது. கடையில் தடுப்பு ஒன்றை உருவி ஓரத்தில் அழுத்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். பருமன் 8 முதல் 10 மி.மீ. போதும். 20 மி.மீ. நுரை பாதுகாப்பு போலத் தோன்றும், ஆனால் இடத்தைத் தின்று, எடையைக் கூட்டி, ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

அப்படியானால் இங்கே எது தாங்கும்? என் கணிப்பில் உட்பூச்சே இல்லாத பருத்திக் கான்வாஸ். 1970களில் பிலடெல்பியா இன்க்வைரர் நாளிதழின் படக்காரர் ஜிம் டோம்கி தமக்காகத் தைத்த டோம்கி எஃப்-2 அந்த வகை. பக்கங்களில் நுரை கிடையாது, நடுவில் மெத்தென்ற ஓர் அறைப்பெட்டி மட்டும். உடம்போடு ஒட்டி வளையும், உரிந்து விழ உள்ளே எதுவும் இல்லை. நனையும், ஆனால் மின்விசிறிக்கு முன் வைத்தால் முழுதாகக் காயும். கோயிலில் இன்னொரு லாபமும் உண்டு: கற்பூரப் பொறி விழுந்தால் நைலான் உருகி ஓட்டையாகும், பருத்தி கருகி நிற்கும். குறை என்னவென்றால், ஈரத்தோடு கார் பூட்டில் இரண்டு நாள் விட்டால் கறுப்புப் புள்ளி விழுந்துவிடும், அது போகவே போகாது. மெழுகு பூசிய கான்வாஸ் வேண்டாம். 33 டிகிரி வெயிலில் மெழுகு இளகி வெள்ளைச் சட்டையில் கோடு போடும். மறுமெழுகு பூசிக்கொண்டே இருக்கவும் வேண்டும்.

பில்லிங்கம் ஹாட்லி போன்ற இங்கிலாந்துப் பைகளில் இரண்டு துணி அடுக்குகளுக்கு நடுவே பியூட்டைல் ரப்பர் ஒட்டியிருப்பார்கள். மழைக்கு அது பாலியுரித்தேன் பூச்சைவிட நீடிக்கும். விலைதான் உங்கள் தொகையைப்போல் பல மடங்கு. அதில் தோல்பட்டிகள் வேறு உண்டு. கோயில் வேலை அதிகம் செய்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். பைக்குத் தோல் எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு, தோலும் இந்த ஈரத்தில் பூசணம் பிடிக்கும்.

பட்டையில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. மூன்று கிலோ வரை 38 மி.மீ. அகலம் போதும், அதற்கு மேல் 50 வேண்டும். நைலான் பட்டை நீளும், நடக்க நடக்கப் பை குதிக்கும். நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர், கார் சீட்பெல்ட் மாதிரி, நீளாது, தண்ணீரும் குறைவாகக் குடிக்கும். பட்டை பையின் பக்கவாட்டில் ஓரங்குலம் தைத்து நிற்கிறதா, அடிவரை சுற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். சுற்றி ஓடுவதே உறுதி, எடை தையலில் விழாது. பக்கவாட்டில் தைத்திருந்தால் சதுரக் கட்டமும் நடுவில் பெருக்கல் குறியுமான தையல் இருக்க வேண்டும். கொக்கி வைத்த பட்டைகளில் கொக்கிதான் பலவீனம். பளபளப்பாக இருக்கும் வார்ப்பு உலோகக் கொக்கி பெரும்பாலும் துத்தநாகக் கலவை. சுழலும் அச்சு தேய்ந்து ஒரு நாள் சட்டென்று கழன்றுவிடும். கிறீச் என்று சத்தம் போடத் தொடங்கினாலே மாற்றிவிடுங்கள். ஆயத்தப் பைகளில் எந்தத் தையல் மேலும் சந்தேகம் இருந்தால், செருப்பு தைப்பவரிடம் கொடுத்துத் தடித்த நைலான் நூலால் இன்னொரு ஓட்டம் ஓட்டச் சொல்லலாம். சில வெள்ளியில் முடியும் வேலை.

தோள்மெத்தை தடிப்பாக இருப்பதைவிட அடியில் வழுக்காமல் இருப்பது முக்கியம். வியர்வையில் வழுக்கும் மெத்தை பையை ஓயாமல் இழுத்துவிட வைக்கும். நீளத்தை இரண்டு நிலையாக வைத்துக்கொள்ளுங்கள்: நடக்கும்போது பையின் மேல்விளிம்பு இடுப்பெலும்புக்கு மேலே, வேலை செய்யும்போது கை இயல்பாக விழும் இடத்தில்.

மழை. மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு கொட்டுவது நமக்குப் புதிதல்ல, ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இன்னும் கூடுதலாக. தோள்பையில் தண்ணீர் மூன்று வழியாக நுழையும். மூடியின் இரண்டு பக்க மூலைகள் முதல் வழி. அங்கே துணிக்காது மடிந்து மூடுகிறதா பாருங்கள். இரண்டாவது, தையல் துளைகள். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை: நனைந்த பட்டை வழியாகத் தண்ணீர் திரிபோல இறங்கி, பட்டை பையோடு சேரும் இடத்தில் உள்ளே சொட்டும். ஒட்டுப்பூச்சு போட்ட நீர்தடுப்பு ஜிப்பும் முழுக் காவல் இல்லை. வளைவுகளில் அந்தப் பூச்சு வெடிக்கும், ஜிப் தலை நிற்கும் இடத்தில் எப்போதும் சிறு இடைவெளி இருக்கும். சோதிக்க எளிய வழி: உள்ளே டிஷ்யூ தாள்களைப் பரப்பி, மூடி, குளியலறையில் ஷவரை ஐந்து நிமிடம் விடுங்கள். எந்தத் தாள் நனைந்தது என்று பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். மழையுறை பையின் முதுகுப் பக்கத்தை மூடாது, நனைந்த உங்கள் சட்டையிலிருந்தே ஈரம் ஏறும். அதனால் உறைக்குப் பதிலாக, சுருட்டி மூடும் 10 லிட்டர் நீர்புகாப் பை ஒன்றை மடித்து உள்ளே வைத்திருப்பது மேல். கொட்டும்போது கேமராவை அதற்குள் போட்டு, அதைப் பைக்குள் போடுங்கள்.

மழையைவிட ஏர்கோன் ஆபத்து. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25 டிகிரி. மண்டபத்துக்குள் 20 டிகிரியில் மூன்று மணி நேரம் இருந்த லென்ஸை வாசலுக்கு எடுத்து வந்ததும் கண்ணாடி முழுக்கப் பனி படியும், துடைத்தாலும் திரும்பப் படியும். அந்த நேரத்தில் லென்ஸ் மாற்றினால் ஈரம் சென்சார் அறைக்கே போகும். பையின் நுரை இங்கே வேறொரு வேலை செய்கிறது. கேமராவை உள்ளே வைத்து ஜிப்பை முழுதாக மூடி 20, 30 நிமிடம் வெளியே விட்டால் மெதுவாகச் சூடேறும், பனி படியாது. மூடி மட்டும் உள்ள, ஜிப் இல்லாத பையில் இது சரிவர நடக்காது. அதனால் மேலே மூடி, அதனடியில் முழு ஜிப் என்ற அமைப்புள்ள பையைத் தேர்ந்தெடுங்கள். அவசரமாக வேலை செய்யும்போது ஜிப்பைத் திறந்தே வைத்து மூடியை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் கேமராவைப் பையிலேயே விட்டுவிடும் பழக்கம்தான் லென்ஸில் பூஞ்சைக்கு முதல் காரணம். பகல் முழுக்க வியர்வையும் மழையும் குடித்த நுரை இரவெல்லாம் அதை உள்ளேயே கக்கும். இருட்டு, ஈரம், தூசு, பூஞ்சைக்கு இதைவிட என்ன வேண்டும்? பொருள்கள் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் டிரை கேபினட்டிலோ (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி), காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடோ இருக்கட்டும். பையின் தடுப்புகளைக் கழற்றி, வாயைத் திறந்து, மின்விசிறிக்கு முன் ஒரு இரவு விடுங்கள். வெயிலில் போட வேண்டாம், பூச்சு இன்னும் சீக்கிரம் போகும். பைக்குள் போடும் குட்டி சிலிக்கா பாக்கெட்டால் பெரிய பயன் இல்லை. மூடிமூடித் திறக்கும் இடத்தில் அது ஒரே நாளில் நிரம்பிவிடும். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். பூசணப் புள்ளி வந்துவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, மறைவான மூலையில் தடவிப் பார்த்துவிட்டுத் துடையுங்கள். டோபி கடை டிரையரில் போட்டால் பூச்சும் பசையும் சேர்ந்து போய்விடும்.

மோட்டார் விஷயத்தில் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன்: தோள்பை மோட்டாருக்கு ஏற்றதல்ல. வளைவில் பை முன்னால் சுழன்று வந்து கைப்பிடியைத் தட்டும். ஓட்டுவதாக இருந்தால், இடுப்பைச் சுற்றி இன்னொரு மெல்லிய பட்டை மாட்டும் வசதி பையில் கட்டாயம் வேண்டும். பட்டையை முடிந்த அளவு குறுக்கி, பையை முதுகுப் பக்கம் தள்ளி, இடுப்புப் பட்டையைப் பூட்டி, அதன்மேல் மழைக்கோட்டு. கைப்பிடிக்குக் கீழுள்ள கொக்கியிலும் முன் கூடையிலும் தொங்கவிடக் கூடாது. எஞ்சின் அதிர்வு நேராக ஏறும் இடங்கள் அவை. மோட்டார் அதிர்வு தொலைபேசி கேமராவின் நடுக்கத்தடுப்புப் பகுதியைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. உங்கள் கேமராவிலும் லென்ஸிலும் அதே இனத்து நுட்பம்தான், திருகுகளும் மெல்ல மெல்லத் தளரும். உடம்பில் மாட்டினால் உடம்பே அதிர்வை வாங்கிக்கொள்ளும். பின்பெட்டியில் வைப்பதானால் அடியில் 5 செ.மீ. நுரை போடுங்கள், வெயிலில் நிறுத்திவிட்டுப் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.

நடந்து போகும்போது வழிப்பறி பயம் உண்டு. பை சாலைக்கு எதிர்ப்பக்கம், சுவர்ப்பக்கம் தொங்கட்டும். வாகனம் எதிரே வரும் பக்கமாக நடந்தால் மோட்டார் பின்னாலிருந்து வராது. பட்டையைக் குறுக்காக மாட்டினால் பறிப்பது கடினம், ஆனால் பறித்தவன் விடாவிட்டால் ஆளையும் இழுத்துக்கொண்டு போவான். ஆகவே அப்படி நேர்ந்தால் பையை விட்டுவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள், பொருளுக்குக் காப்பீடும் எடுத்துவிடுங்கள். கேமரா நிறுவனத்தின் பெயரைப் பெரிதாகப் போட்ட பையை, இலவசமாகக் கொடுத்தாலும், தெருவில் மாட்டாதீர்கள்.

தைப்பூசத்துக்கு இதே பையைப் பாதி காலியாக எடுத்துப் போங்கள். பத்துமலையின் 272 படியிலும், பினாங்கில் தண்ணீர்மலையின் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளிலும், நெரிசலில் நின்று லென்ஸ் மாற்ற வழியில்லை. விபூதியும் சாம்பிராணிப் புகையும் சென்சாருக்கு ஆகாது. கேமராவில் 24-70, பையில் 35 மி.மீ., பேட்டரிகள், நீர்புகாப் பை, இரண்டு துணி. அவ்வளவே. விபூதி வெல்க்ரோவின் கொக்கிகளுக்குள் இறங்கினால் பிடி தளரும், பழைய பல்துலக்கி ஒன்றால் தட்டி எடுக்கலாம். ஜிப் பல்லில் பாலோ இளநீரோ பட்டால் அன்றே நல்ல தண்ணீரில் துடையுங்கள், சர்க்கரை காய்ந்தால் ஜிப் தலை இறுகும். பினாங்கில் வெள்ளி ரதம் வரும் வழியில் மலை மலையாகத் தேங்காய் உடைப்பார்கள். ஓடு தெறிக்கும், தண்ணீர் முழங்கால் வரை அடிக்கும். அந்த இடத்தில் பை முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். பத்துமலைக் குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும் என்பதை நினைவில் வைத்து, பையில் வாழைப்பழமோ பிஸ்கட்டோ வைக்காதீர்கள். பக்கிள் பூட்டும் மூடிக்கு அவை சற்றுத் திணறும்.

400 வெள்ளிக்கு என்ன கிடைக்கும்? டோம்கி, பில்லிங்கம், திங்க் டேங்க், பீக் டிசைன் எல்லாம் புதிதாக அந்தத் தொகையைத் தாண்டும். நான் பரிந்துரைப்பது பிரித்து வாங்குவதை: நல்ல கான்வாஸ் தோள்பை ஒன்று, பெயரில்லாததானாலும் பரவாயில்லை, அதற்குள் சரியாக உட்காரும் மூடிய கண் நுரை உள்ளறைப்பெட்டி தனியாக. லோயாட் பிளாசா பக்கமும், கேமரா கடைகள் உள்ள சுங்கை வாங் பிளாசாவிலும் கையில் எடுத்து அளந்து பார்க்கலாம். இணையத்தில் வாங்குவதானால் உள்ளளவை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இப்படிப் பிரித்து வாங்கினால் பெட்டியை மட்டும் உருவிக் காயவைக்கலாம், நுரை போனால் பெட்டியை மட்டும் மாற்றலாம். வெளியே பார்த்தால் கேமரா பை என்றும் தெரியாது. மிச்சத்தில் 50 மி.மீ. பட்டையும் நீர்புகாப் பையும் வாங்கிவிடலாம்.

பழைய பையானால், பண்டல் கடையோ தனியாரோ, உள்ளே முகத்தை வைத்து மோந்து பாருங்கள். மக்கிய வாடை வந்தால் பேரம் பேச வேண்டாம். லைனிங்கில் உள்ளங்கையை அழுத்தி எடுங்கள், ஒட்டினால் பூச்சு போய்க்கொண்டிருக்கிறது. பாக்கெட்டுகளை வெளிப்புறமாகத் திருப்பினால் பொருக்கு உதிர்கிறதா தெரியும். மழையுறையைக் கேட்டு வாங்கி விரித்துப் பாருங்கள், முன்பே சொன்னபடி அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஜிப்பை இரண்டு மூலைகளிலும் ஒரு கையால் ஓட்டுங்கள். பித்தளை வளையங்களில் பச்சை படிந்திருந்தால் அது களிம்பு, துடைத்தால் போகும். இரும்பு ரிவெட்டைச் சுற்றித் துணியில் துரு இறங்கியிருந்தால் அந்த இடம் கிழியும்.

பினாங்குக்குப் பறந்து போவதானால் ஒரு கணக்கு. ஏர் ஏசியாவில் கையில் கொண்டு போவது இரண்டு உருப்படியும் சேர்த்து 7 கிலோ. உங்கள் பொருளும் பையும் ஐந்தைத் தொடும், மாற்றுத் துணிக்கு இரண்டு கிலோதான் மிச்சம். உபரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, முனைகளை மூடித் தோள்பையில்தான் வைக்க வேண்டும். எடை மீறும்போலிருந்தால் கேமராவைக் கழுத்தில் மாட்டித் தப்பலாம் என்று எண்ண வேண்டாம், அதையும் சேர்த்து நிறுக்கச் சொல்லலாம். கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயிலேறி பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி பிடித்தால் இந்தத் தராசுத் தொல்லை கிடையாது. ஃபெரித் தளத்தில் உப்புக்காற்று அடிக்கும், ஜிப்பை மூடியே வைத்து, ஜார்ஜ்டவுன் போய்ச் சேர்ந்ததும் பக்கிளையும் ஜிப்பையும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.